கன்ஃபர்ம் இருந்த வகுப்பு

பினாங்குத் தீவில் தப்பான பதிலை இவ்வளவு கம்பீரமாகச் சொல்லக்கூடிய இன்னொருத்தி பிறந்ததில்லை. பாலத்தைத் தாண்டி அக்கரையில் யாராவது இருக்கலாம். நான் விசாரித்தவரை அங்கேயும் இல்லை. சரியான பதிலை யார் வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லிவிடலாம். தப்பான பதிலை, முப்பது பேர் நடுவில் எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, கடைசியில் "கன்ஃபர்ம்" என்று முத்திரையும் குத்திச் சொல்வதற்கு இவள் ஒருத்திதான் இருந்தாள். அதனால் அதுவே அவள் பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. ஆசிரியைகள் அதைப் படித்துவிட்டு இது யார் என்று அவர்களே ஒரு கணம் தேடுவார்கள்.

நான்காம் படிவத்தில், அதாவது பத்தாம் வகுப்பில்தான் அவளைச் சந்தித்தேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் இடைநிலைப்பள்ளி. முதல் வகுப்புகளுக்கெல்லாம் முத்து, மாணிக்கம் என்று பெயர் வைத்த பள்ளி, கடைசி வகுப்புக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து 'உசாஹா' என்று வைத்திருந்தது. மலாயில் முயற்சி என்று அர்த்தம். அதாவது நகைகள் தீர்ந்துவிட்டன, இனி நீங்களாக ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தின் கோடியில், கழிவறைக்குப் பக்கத்துச் சுவர் எங்களுடையது.

நான்கு உசாஹாவின் தனித்திறமை மௌனம். எந்த ஆசிரியை எந்தக் கேள்வி கேட்டாலும் முப்பத்திரண்டு பேரும் மேசையைப் பார்ப்போம். தலைக்கு மேல் சுழலும் காற்றாடி மட்டும் கிறீச்சென்று ஏதோ சொல்லும். அந்த முப்பத்திரண்டு மௌனங்களில் ஆழமானது என்னுடையது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த புதிதில், முதல் படிவத்தில், எனக்குத் தலைவலி என்று ஆசிரியையிடம் மலாயில் சொல்லப் போனேன். தலைக்கு 'கெப்பாலா', தேங்காய்க்கு 'கெலாப்பா'. பதற்றத்தில் இடம் மாறிவிட்டது. எனக்குத் தேங்காய் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றேன். வகுப்பு சிரித்தது, பக்கத்து வகுப்புக்கும் சொல்லி அனுப்பிச் சிரித்தது. அன்றைக்கு மூடிய வாயை மூன்று வருடம் நான் பள்ளிக்கூடத்துக்குள் திறக்கவில்லை, சாப்பாட்டு நேரம் தவிர.

வருடத்தின் முதல் சரித்திரப் பாடம். ஆசிரியை பெயர் ரோஹானா. இங்கே ஆசிரியர்களை 'சிக்கு' என்போம், அதனால் சிக்கு ரோஹானா. மலாக்காவை முதலில் பிடித்த அந்நியர் யார் என்று கேட்டார். நாங்கள் வழக்கம்போல மேசையை ஆராய்ந்தோம். ஜன்னலோரம் ஒரு கை மேலே போனது. இரட்டைப் பின்னல், மடிப்புக் கலையாத சீருடை, கல்யாண வீட்டில் வரவேற்க நிற்பவள் மாதிரி ஒரு சிரிப்பு.

"ஜப்பான்காரங்க, சிக்கு. கன்ஃபர்ம்."

பாடம் மலாயில்தான் நடந்தது. நான் தமிழில் சொல்கிறேன். போர்த்துகீசியர் வந்து நானூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் ஜப்பானியர் வந்தார்கள் என்று சிக்கு பொறுமையாக விளக்கினார். அவள் கொஞ்சமும் அசரவில்லை. அதற்கு முன்னால் ஒரு தடவை சும்மா வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றாள். வீடு வாங்குகிறவர்கள் செய்வதுதானே.

நான்கு உசாஹா சிரித்தது. நான் நடுங்கினேன், இவளும் இனி மூன்று வருடம் பேசமாட்டாள் என்று. அடுத்த பாடம் அறிவியல். இதயத்தில் எத்தனை அறைகள் என்று கேள்வி வந்தது. அதே கை.

"மூணு ரூம், ஒரு ஹால், சிக்கு."

ஆயர் ஈத்தாமில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் அமைப்பு அது. அறிவியல் ஆசிரியை தப்பு என்று சொல்ல வாயெடுத்தார், மனதுக்குள் கூட்டிப் பார்த்தார், நான்கு வந்தது. அவர் திரும்பிக் கரும்பலகையை அழித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகை.

இந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சனிக்கிழமையே தெரிந்தது. அவள் அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். விடுமுறை நாட்களில் இவளும் கூட நிற்பாள். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் தெரியாது, இல்லை என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்லக்கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். கேட்ட நிறம் இல்லையென்றால் இருக்கிற நிறம்தான் கேட்ட நிறம். நான் போயிருந்த அன்று ஒரு சீன அம்மா ஜன்னல் திரைக்குத் துணி கேட்டு வழி தவறி உள்ளே வந்துவிட்டார். கன்ஃபர்ம் அவருக்கு ஒரு பச்சை நிறச் சேலையை விற்றாள். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தார் என்று கேள்விப்பட்டேன். சண்டை போட இல்லை. இன்னொரு ஜன்னலும் இருக்கிறதாம்.

முதல் மாதம் நாங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தோம். இரண்டாம் மாதம் எரிச்சல் வந்தது. இவ்வளவு உறுதியாக ஒருத்தி தப்புச் சொல்லும்போது சும்மா இருப்பது கஷ்டம். மெய் லிங் என்றொரு சீனப் பெண், என்னைப்போலவே வாய் திறக்காதவள், ஒருநாள் பொறுக்கமுடியாமல் அது தப்பு என்று முணுமுணுத்தாள். கன்ஃபர்ம் திரும்பி, சண்டைக்கு வராமல், மிகுந்த மரியாதையோடு கேட்டாள்: "எங்கே, புத்தகத்தில காட்டு."

மெய் லிங் புத்தகத்தைத் திறந்தாள். வருடம் ஆரம்பித்து அதுதான் முதல் முறை. அட்டை கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. பக்கத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். கன்ஃபர்ம் படித்துப் பார்த்துவிட்டு, சரி, புத்தகம் ஜெயித்துவிட்டது என்று கைகுலுக்கினாள். புத்தகத்தோடு.

அப்புறம் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. இடைவேளையில் அவளைச் சுற்றி நாலு பேர் புத்தகத்தோடு நிற்பார்கள். அவள் ஏதாவது ஒன்றை அடித்துவிடுவாள்; நாங்கள் பாய்ந்து தேடுவோம். முந்தின இரவே படித்துவிட்டு வந்தால் அவளைச் சீக்கிரம் மடக்கலாம் என்று ஷாலினி கண்டுபிடித்தாள். ஷாலினி எங்கள் வகுப்பிலேயே சுறுசுறுப்பானவள், நன்றாகப் பாடுவாள், யாரையும் அப்படியே நடித்துக் காட்டுவாள். அவள் படிக்க ஆரம்பித்ததும் அவளோடு சுற்றும் ஆறு பேரும் ஆரம்பித்தார்கள். சூலியா தெருவில் எங்கள் அத்தாவின் சாப்பாட்டுக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் படித்தேன். வருடத் தொடக்கத்தில் அந்தப் பிள்ளையோடு சேராதே, பள்ளிக்கூடமே சிரிக்கிறது என்று கண்டித்த அத்தா, நான் மூன்றாவது நாளாகச் சரித்திரப் புத்தகம் படிப்பதைப் பார்த்துவிட்டு எனக்குக் காய்ச்சலா என்று அம்மாவிடம் கேட்டார்.

ஆனால் நான் பேசவில்லை. விடை தெரிந்தால் பக்கத்தில் விரலை வைத்து மெய் லிங்கிடம் தள்ளுவேன். அவள் காட்டுவாள்.

அரையாண்டுத் தேர்வில் நாங்கள் கடைசி வகுப்பாக வரவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த வகுப்பு அந்தப் பெருமையைப் பெற்றுக்கொண்டது. ஆசிரியர் அறையில் யாரும் நம்பவில்லை என்றும், விடைத்தாள்களை இரண்டாவது தடவை எண்ணினார்கள் என்றும் கேள்வி. கன்ஃபர்ம் மட்டும் சரித்திரத்தில் தோற்றிருந்தாள். எங்களுக்கெல்லாம் அவள் கேண்டீனில் சிராப் சர்பத் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஷாலினி அந்த வேலையைச் செய்தாள். கைப்பேசி கொண்டுவரக்கூடாது என்பது விதி, அவள் கொண்டுவந்தாள். கன்ஃபர்ம் பதில் சொல்லும்போதெல்லாம் மேசைக்கடியிலிருந்து படம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, குரலைக் கீச்சுக்குரலாக மாற்றி, பின்னால் ஒரு குத்துப்பாட்டும் சேர்த்து எங்கள் வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டாள். எங்களுக்குள் சிரிக்கத்தான். நானும் சிரித்தேன், மறைப்பானேன். இரண்டு நாளில் அது பள்ளி முழுக்கப் போனது. மூன்றாம் நாள் பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போனது. வார முடிவில் லிட்டில் இந்தியாவுக்கு, துணிக்கடைக்கு, அவள் அம்மாவிடம் போனது.

திங்கட்கிழமை கன்ஃபர்ம் வந்தாள். அதே பின்னல், அதே மடிப்புக் கலையாத சீருடை. சிக்கு ரோஹானா கேள்வி கேட்டார். நாங்கள் எல்லோரும் ஜன்னலோரம் பார்த்தோம். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அம்மா வாயைத் தொறக்காதன்னு சொல்லிட்டாங்கடி ஃபரீதா. கடையில அவங்களுக்குத் தலை நிமிர முடியலையாம்," என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒருத்தி வாயை மூடினால் முப்பத்திரண்டு பேர் வாயை மூடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. புத்தகங்கள் மறுபடி பைக்குள் போயின. மடக்குவதற்கு ஆளில்லையே, எதற்காகப் படிப்பது? ஷாலினியின் கூட்டத்தில் இரண்டு பேர் முதலில் மட்டம் போட்டார்கள், பேரங்காடிக்குப் போய் உட்கார. அடுத்த வாரம் ஐந்து பேர். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் யாரும் இல்லை. ஒருத்தி போனாள் என்று இன்னொருத்தி போனாள், படித்தது எப்படித் தொற்றியதோ அதே மாதிரி. இந்த வகுப்பைக் கலைத்து, ஆளுக்கொரு வகுப்பில் போட்டுவிடலாமா என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தது. அந்த நேரம் பார்த்து, கல்வி இலாகாவிலிருந்து ஆய்வாளர் ஒருவர் பாடம் பார்க்க வரப்போவதாகச் செய்தி. அவர் உட்காரப்போவது நான்கு உசாஹாவில், சரித்திரப் பாடத்தில்.

அவர் வருவதற்கு முந்தின நாள் சிக்கு ரோஹானா எங்களிடம் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, இந்த வகுப்பைத் தானே கேட்டு வாங்கியதாகச் சொன்னார். மற்ற வகுப்புகளில் சரியான விடை வரும், இங்கேதான் தனக்குச் சிரிப்பு வரும் என்றார். நாளைக்கு ஒருத்தியாவது வாயைத் திறந்தால் போதும், சரியோ தப்போ. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். கனத்த கண்ணாடி, கனத்த கோப்பு, பின்வரிசையில் நாற்காலி. சிக்குவின் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தக் காலத்தில் மலாக்காவுக்கு வந்த வணிகக் கப்பல்கள் ஏன் மாதக்கணக்கில் அங்கேயே தங்கின என்று கேட்டார்.

மௌனம். காற்றாடி. ஆய்வாளரின் பேனா மூடி திறக்கும் சத்தம்.

சிக்கு கேள்வியை இன்னொரு முறை கேட்டார். நான் ஜன்னலோரம் பார்த்தேன். கன்ஃபர்மின் வலது கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. தானாக எழுந்துவிடக் கூடாதென்று அதை அவள் கட்டிப்போட்டிருப்பது போல இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று இன்றுவரை தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் கவனித்தேன், என்னிடம் பதில் எதுவும் இல்லை. படித்ததெல்லாம் தொண்டைக்குக் கீழே போய்விட்டது. முப்பத்திரண்டு தலைகள் திரும்பின. பின்னால் ஒரு கண்ணாடி மின்னியது. மனதில் இருந்தது எங்கள் கடை மட்டும்தான்; ஒரு தேநீர் குடிக்க வந்துவிட்டு மாலை வரை எழுந்து போகாத ஆட்கள்.

"சாப்பாடு நல்லா இருந்திருக்கும், சிக்கு," என்றேன்.

சிக்கு ரோஹானா கண்ணை மூடித் திறந்தார். யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்போது ஜன்னலோரம் நாற்காலி இழுபட்டது.

"இல்ல சிக்கு, அவ சொல்றது தப்பு," என்று கன்ஃபர்ம் எழுந்து நின்றாள். இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்த குரல், கழிவறைச் சுவர் வரை போய் மோதியது. "கப்பல் ரிப்பேர். சாமான் கிடைக்காம நின்னிருக்கும். கன்ஃபர்ம்."

ஷாலினி எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் தப்பு, காற்றுதான் காரணம், பருவக்காற்று திசை மாறினால்தான் பாய்மரக் கப்பல் திரும்பிப் போக முடியும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். காற்று மாற அத்தனை மாதமா என்றாள் கன்ஃபர்ம். புத்தகத்தில் காட்டு என்றாள். முப்பது பைகளிலிருந்து முப்பது புத்தகங்கள் வெளியே வந்தன. மெய் லிங் பக்கத்தைக் கண்டுபிடித்து வாசித்தாள். தங்கியவர்களின் சரக்கு வைக்கக் கிடங்குகள் இருந்தன என்றும் அதிலேயே போட்டிருந்தது. தங்கியவர்கள் சாப்பிட்டிருப்பார்கள் இல்லையா என்று நான் விடாமல் கேட்டேன். மூன்று வருடச் சேமிப்பு; ஒரே நாளில் செலவழித்தேன். மட்டம் போடும் ஐந்து பேரில் ஒருத்தி என் பக்கம் சேர்ந்துகொண்டாள். மணி அடித்தும் சண்டை முடியவில்லை.

ஆய்வாளர் கோப்பை மூடிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். அப்பா என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டு அதையும் குறித்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை அவர் எங்கள் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அத்தா சொல்லித்தான் தெரியும். அறிக்கையில் அவர் என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை. வகுப்பைக் கலைக்கும் பேச்சு மட்டும் நின்றுபோனது.

ஆய்வாளர் வந்த அன்று மாலையே ஷாலினி தானாக வந்து கன்ஃபர்மிடம், உங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். துணைக்கு நானும் போனேன். துணிக்கடையில் அந்த அம்மா ஒரு குவியல் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஷாலினி பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பு பாதியில் உடைந்தது.

"ஆண்ட்டி, அந்த வீடியோ நான்தான் எடுத்தேன்," என்றது மட்டும் வெளியே வந்தது.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "நல்லாத்தான் எடுத்திருந்தம்மா," என்றார். "கஸ்டமர் பொண்ணு ஒண்ணு போட்டுப் பார்த்துச்சு. எனக்குச் சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு, அந்தக் கீச்சுக் குரலு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே எட்டிப் பார்த்தா, என் புள்ள."

ஷாலினி அழுதாள். கன்ஃபர்ம் அவளுக்கு ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள், விலைச் சீட்டோடு. அந்த அம்மா ஒரு சேலையின் மறு முனையை ஷாலினி கையில் கொடுத்து, அழுதுகொண்டே மடிக்கலாம், நேரம் மிச்சம் என்றார். கடை சாத்தும்வரை நாங்கள் மூன்று பேரும் மடித்தோம். வெளியே வரும்போது மகளின் பின்னலைச் சரிசெய்தபடி, "ஸ்கூல்ல பேசு லா. ஆனா கொஞ்சம் படிச்சிட்டுப் பேசு," என்றார்.

முதல் பாதியை அவள் அப்படியே கடைப்பிடித்தாள்.

அடுத்த வருடம் எஸ்.பி.எம். தேர்வில் ஷாலினி நல்ல மதிப்பெண் வாங்கி ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். மெய் லிங் கணக்காளர். நான் வாய்க்கும் சேர்த்து எழுதிப் பிழைக்கிறேன். கன்ஃபர்ம் சரித்திரத்தில் தேறினாள். எத்தனை மதிப்பெண் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் புத்தகத்தில் தேடவில்லை. இன்றைக்கு லிட்டில் இந்தியாவில் அரைக் கடை அளவுக்குச் சொந்தமாக ஒரு சேலைக்கடை வைத்திருக்கிறாள். அவள் அம்மா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல வியாபாரம்.

போன வருடம் எங்கள் பழைய பள்ளியின் தமிழ்க் கழகத்திலிருந்து என்னைப் பேச அழைத்தார்கள். மேடையில் நான் பேசும் முதல் பேச்சு. ஒரு சனிக்கிழமை காலை. தாளை இரண்டு முறை கீழே போட்டு, எடுத்து நிமிர்ந்தபோது முதல் வரிசையில் கன்ஃபர்ம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். நான் சொல்லப்போகும் வேடிக்கைகளுக்கு நான் சொல்லும் முன்பே சிரித்தாள். ஒரு தடவைகூடக் கைப்பேசியைப் பார்க்கவில்லை. முடிந்ததும், அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லி, என்னோடு கேண்டீனில் உட்கார்ந்து மெதுவாக மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

அது தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. அன்றைக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடை பூட்டிக் கிடந்தது என்று மறுநாள் வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.